வளையலைப் போட்டுவிடுவது யார், கழற்றுவது யார்?

சென்னையிலோ பெங்களூரிலோ ஐடி கம்பெனிகள் இருக்கும் பக்கம் போனால் எப்போதாவது கண்ணில் படும். ஜீன்ஸும் சட்டையும் போட்ட ஒரு பெண், தோளில் லேப்டாப் பை, இரண்டு கையிலும் மணிக்கட்டிலிருந்து பாதி முழங்கை வரைக்கும் சிவப்பும் வெள்ளையுமாக அடுக்கிய வளையல். வடக்கத்திப் பெண், புதிதாகக் கல்யாணம் ஆகியிருக்கிறது என்று பார்த்தவுடன் நமக்கே தெரிந்துவிடுகிறது. அதற்கு மேல் தெரிவதில்லை. அந்த வளையலைக் கொடுத்தது யார், எத்தனை நாள் போடுவார்கள், எப்போது கழற்றுவார்கள் என்று கேட்டால் நம்மில் பலர் முழிப்போம். காரணம் எளிது. தமிழ்நாட்டில் கல்யாணம் ஆனதற்கு அடையாளம் கழுத்துத் தாலியும் கால் மெட்டியும்தான், கையைப் பார்த்து யாரும் முடிவுக்கு வருவதில்லை, ஐந்து வயதுக் குழந்தையும் வளையல் போடுகிறது, பாட்டியும் போடுகிறார்.

அதனால் "இந்தியாவில் கல்யாணமான பெண்கள் வளையல் அணிவார்கள்" என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் ஒன்றும் விளங்காது. பஞ்சாபில் ஒரு வளையல், வங்காளத்தில் வேறு, மகாராஷ்டிரத்தில் வேறு. நிறத்தையும் பொருளையும் மனப்பாடம் செய்வதைவிட, இந்தக் கையில் இதைப் போட்டுவிட்டது யார், கழற்றப்போவது யார், எப்போது என்று கேட்டுப் பாருங்கள், முக்கால்வாசி புரிந்துவிடும்.

முதலில் நாம் பார்த்த அந்தச் சிவப்பு வெள்ளை அடுக்கு. இதற்குப் பெயர் சூடா (டீக்கடையில் கேட்கிற சூடா அல்ல). பஞ்சாபிக் கல்யாணங்களில் இதைக் கொண்டுவருவது பெண்ணின் தாய்மாமன். தாய்மாமன் சீர் என்றால் என்னவென்று நமக்குச் சொல்லித் தரத் தேவையில்லை, அதே உரிமைதான், பொருள் மட்டும் வேறு. கல்யாணத்துக்கு முந்தின நாளோ அன்று காலையோ வளையல்களைப் பாலில் நனைத்து வைப்பார்கள், பலர் அதில் ரோஜா இதழும் போடுவார்கள். அப்புறம் மாமனும் மாமியும் பெண்ணின் கையில் ஒவ்வொன்றாக ஏற்றிவிடுவார்கள். அந்த நேரத்தில் பெண் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும், பிறகும் கைகளை ஒரு துணியால் சுற்றி வைத்துவிடுவார்கள், மணமேடைக்குப் போகும்வரை தன் வளையலைத் தானே பார்க்கக் கூடாது என்பது வழக்கம். பழைய கணக்கு 21 வளையல்கள். இப்போது 7, 9, 11 என்று வசதிக்கு ஏற்பக் குறைத்துக்கொள்கிறார்கள்.

சூடாவோடு சேர்ந்து கையிலிருந்து குடை மாதிரித் தொங்குமே பொன் நிறத்தில், அது கலீரே. கூடப் பிறந்தவர்களும் தோழிகளும் கட்டிவிடுவது. மணப்பெண் அதைக் கல்யாணமாகாத பெண்களின் தலைக்கு மேல் ஆட்டுவாள், யார் தலையில் ஒரு துண்டு விழுகிறதோ அடுத்த கல்யாணம் அவளுக்கு என்று விளையாட்டாகச் சொல்வார்கள். முன்பெல்லாம் கொப்பரையும் தாமரை விதைப் பொரியும் கோத்துக் கட்டினார்களாம், இப்போது எல்லாம் தகடு.

சூடாவை முன்பு ஒரு வருடம் போட்டிருந்தார்கள். இப்போது பெரும்பாலும் நாற்பது நாள், அல்லது ஒன்றேகால் மாதம். புது மருமகள் என்று ஊருக்குத் தெரியும், அதனால் அந்த நாட்களில் கடினமான வீட்டு வேலை தரமாட்டார்கள் என்றும் சொல்வதுண்டு. எல்லா மாமியாரும் அப்படி இருந்திருப்பார்களா என்பது வேறு விஷயம். கழற்றுவதற்கும் ஒரு சிறு சடங்கு உண்டு, இனிப்பு உண்டு, அதன்பின் கண்ணாடி வளையலோ தங்க வளையலோ போட்டுக்கொள்வார்கள். இதைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள்: சூடா சொல்வது "புதிதாக" மணமானவள் என்பதை. வாழ்நாள் அடையாளம் அல்ல.

அந்த வெள்ளை வளையல் ஆதியில் யானைத் தந்தம். ராஜஸ்தானிலும் குஜராத்திலும்கூட மணப்பெண்ணுக்குத் தந்த வளையல்தான் பெருமை, ராஜஸ்தானத்தில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஒரு அடுக்கு, முழங்கைக்கு மேலே தோள் வரை இன்னொரு அடுக்கு. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 1986இல் கொண்டுவந்த திருத்தம் இந்திய யானைத் தந்த வியாபாரத்தைத் தடை செய்தது, 1991இல் ஆப்பிரிக்கத் தந்தத்துக்கும் கதவு சாத்தப்பட்டது. இன்றைக்குக் கடையில் கிடைப்பதெல்லாம் பிளாஸ்டிக், அக்ரிலிக். ஒருவேளை யாராவது "அசல் தந்தம்" என்று விற்க வந்தால் வாங்குவதும் குற்றம் என்பதை நினைவில் வையுங்கள். சடங்கு என்னவோ பிளாஸ்டிக்கிலும் குறைவில்லாமல் நடக்கிறது. பொருள் மாறினால் புனிதம் போய்விடும் என்று பேசுகிறவர்கள் இதை யோசித்துப் பார்க்கலாம்.

வங்காளத்துக் கதை வேறு. அங்கே வெள்ளை வளையல் சங்கு, அதன் பக்கத்தில் சிவப்பு வளையல், இரண்டும் சேர்ந்து சாங்கா போலா. சிவப்பு முன்பு பவளம், இப்போது பெரும்பாலும் கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ. கல்யாண நாள் விடியற்காலையில், சூரியன் உதிக்கும் முன்பு, தயிர், அவல், இனிப்பு எல்லாம் சாப்பிட வைக்கிற ஒரு சடங்கு உண்டு, பிறகு பகல் முழுதும் விரதம். சங்கு வளையலைப் பெரும்பாலும் அந்த வேளையில் பிறந்த வீட்டில் போட்டுவிடுவார்கள். அது முடிந்து, பெண் புகுந்த வீட்டு வாசலில் காலெடுத்து வைக்கும்போது, மாமியார் தன் கையால் இடது கையில் ஓர் இரும்பு வளையல் ஏற்றுவார், பெயர் நோவா. வசதியானவர்கள் இரும்பின் மேல் தங்கத் தகடு சுற்றிவிடுவார்கள், வெளியே பார்த்தால் தங்கம், உள்ளே இரும்பு. கண்ணேறு, கெட்டது எதுவும் அண்டாது என்ற நம்பிக்கை. பிறந்த வீட்டுச் சங்கு, புகுந்த வீட்டு இரும்பு, இரண்டும் ஒரே கையில். பஞ்சாபி சூடா போல நாற்பது நாளில் கழற்றுவதில்லை, கணவன் உயிரோடு இருக்கும்வரை இருக்க வேண்டும் என்பதுதான் மரபு.

இந்தச் சங்கு எங்கிருந்து போகிறது தெரியுமா? நம் தூத்துக்குடியிலிருந்தும் ராமநாதபுரம் கரையிலிருந்தும்தான் பெரும் பகுதி. மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் சங்கு குளிப்பவர்கள் மூச்சடக்கி மூழ்கி எடுத்த சங்கு, பல நூறு ஆண்டுகளாகக் கப்பலேறி வங்காளம் போனது. வெள்ளைக்காரர் காலத்தில் சங்கு குளிப்பு மதராஸ் அரசின் ஏகபோகம், ஏலம் எடுத்தவர்களுக்குக் கல்கத்தாவில் சந்தை. யாழ்ப்பாணப் பக்கத்துச் சங்கும் அதே வழியில்தான் போயிற்று. வங்காளத்தில் அதை வாங்கி அறுத்தவர்கள் சாங்காரி என்ற சமூகத்தினர். டாக்காவில் அவர்கள் பெயரிலேயே ஒரு தெரு இருக்கிறது, சாங்காரி பஜார், பிரிவினைக்குப் பிறகும் 1971 போரின்போதும் நிறையப் பேர் அங்கிருந்து மேற்கு வங்காளம் வந்துவிட்டார்கள். பிறை வடிவில் ஒரு பெரிய இரும்பு ரம்பம், சங்கைக் காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு இரு கையாலும் அதை இழுத்து அறுப்பார்கள். குறுக்காக அறுத்தால் வளையம் தானாகவே வந்துவிடும், ஒட்டுப்போட வேண்டியதில்லை. அப்புறம் உட்புறத்தைத் தேய்த்து, மேலே பூ, மீன், அன்னம் என்று செதுக்குவார்கள். இப்போது மின்சார ரம்பம் வந்துவிட்டது.

சங்கறுப்பது வங்காளிகளுக்கு மட்டும் உரியதா என்றால், இல்லை. கொற்கையில் அகழாய்வு செய்தபோது அறுத்த சங்குத் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. அகநானூற்றின் 24ஆம் பாட்டில் வேள்வி செய்யாத பார்ப்பான் ஒருவன் அரத்தால் சங்கை அறுத்து வளையல் செய்வது உவமையாகவே வருகிறது. இன்னும் பின்னால் போனால், சிந்துவெளி மக்கள் குஜராத் கடற்கரையில் நாகேஷ்வர் போன்ற ஊர்களில் இதே இனச் சங்கை அறுத்து வளையல் செய்திருக்கிறார்கள். மொகஞ்சதாரோவில் 1926இல் கிடைத்த அந்த வெண்கலப் பெண் சிலையைப் பாடப்புத்தகத்தில் பார்த்திருப்பீர்கள், இடது கை தோள் வரை வளையல், வலது கையில் நான்கே நான்கு. அதைக் காட்டி "பார்த்தீர்களா, ஐயாயிரம் வருஷமாகக் கல்யாணமான பெண்கள் வளையல் போடுகிறார்கள்" என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். வளையல் பழசு, சரி. அவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்று யார் சொன்னது?

மகாராஷ்டிரத்துக்கு வந்தால் நிறம் பச்சை. பச்சைக் கண்ணாடி வளையல், பயிர் பச்சை, வளம், பிள்ளைப்பேறு என்று பொருள் சொல்வார்கள். கல்யாணத்துக்கு முன்பு வளையல்காரரை வீட்டுக்கே கூப்பிட்டு மணப்பெண்ணுக்குப் போடுவார்கள், வந்திருக்கிற பெண்கள் எல்லோருக்கும் போடுவார்கள். கர்நாடகத்திலும் பச்சை வளையலுக்கு இதே மரியாதை. பீகார், மிதிலை, ராஜஸ்தான் பக்கம் அரக்கு வளையல். ஜெய்ப்பூரில் இதற்கென்றே ஒரு கடைத்தெரு, ஹைதராபாத்தில் சார்மினாரை ஒட்டிய லாட் பஜார். அரக்கு என்பது மரக்கிளைகளில் வாழும் ஒரு பூச்சி சுரப்பது, தணலில் காட்டினால் இளகும், அதனால் உங்கள் கை அளவைப் பார்த்து கண் முன்னாலேயே வளைத்துத் தருவார்கள். இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று: இந்துப் பெண்களின் சுமங்கலி அடையாளமான இந்த அரக்கு வளையல்களை ஜெய்ப்பூரில் தலைமுறை தலைமுறையாகச் செய்து தருபவர்கள் மணிஹார் என்கிற முஸ்லிம் குடும்பத்தினர்.

கண்ணாடி வளையலில் பெரும் பகுதி உத்தரப் பிரதேசத்தின் பிரோசாபாதில் செய்வது, ஆக்ராவுக்குப் பக்கத்து ஊர். உருகிய கண்ணாடியை இழை இழையாக இழுத்து, சுழலும் உருளையில் ஸ்பிரிங் மாதிரிச் சுற்றுகிறார்கள். நீளவாக்கில் ஒரு கீறல், வரிசையாக வளையங்கள் பிரிந்துவிடும், ஆனால் ஒவ்வொன்றுக்கும் வாய் திறந்திருக்கும். அந்த இரு முனைகளையும் சிறு தீயில் காட்டி, மட்டம் பார்த்து, ஒட்டுகிற வேலை தொழிற்சாலையில் நடப்பதில்லை, வீடு வீடாகப் போகிறது, பெண்கள் உட்கார்ந்து செய்கிறார்கள். மின்விசிறி போட முடியாது, தீ அணைந்துவிடும். தாஜ்மகாலைப் புகையிலிருந்து காக்க 1996இல் உச்ச நீதிமன்றம் சுற்றுவட்டாரத்து ஆலைகளை நிலக்கரியிலிருந்து எரிவாயுவுக்கு மாறச் சொன்னது, பிரோசாபாத் உலைகளும் அதில் அடக்கம். வளையலுக்கு ஆயிரம் அர்த்தம் சொல்கிற கட்டுரைகளில் இந்தக் கூலிக்காரப் பெண்கள் வருவதே இல்லை.

நம் ஊருக்கு வருவோம். தாலிதான் அடையாளம் என்றேன், ஆனால் வளையல் நம்மிடம் வேறு இடத்தில் உட்கார்ந்திருக்கிறது: கல்யாணத்தில் அல்ல, கர்ப்பத்தில். வளைகாப்பு பெரும்பாலும் ஐந்து, ஏழு, ஒன்பது என்று ஒற்றைப்படை மாதத்தில். சில வீடுகளில் முதலில் வேப்பிலைக் காப்பு, பிறகு சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடி வளையல், கன்னத்தில் சந்தனம், புளியோதரை, தயிர்சாதம், தேங்காய்சாதம். போட்டுவிடுவது மாமனோ மாமியாரோ மட்டும் அல்ல, வந்திருக்கும் பெண்கள் அத்தனை பேரும். பெற்றவர்கள், பிரசவம் என்றால் என்னவென்று அறிந்தவர்கள், ஒவ்வொருவராக வந்து பயப்படாதே என்று கையைப் பிடித்துச் சொல்வதுதான் அதன் சாரம் என்று நான் நினைக்கிறேன். வளையல் சத்தம் குழந்தைக்குக் கேட்கும் என்பார்கள். ஏழாம் மாதத்தில் வயிற்றிலிருக்கும் குழந்தைக்குக் காது கேட்கத் தொடங்கியிருக்கும் என்பது உண்மைதான். ஆனால் வளையல் உரசினால் ரத்த ஓட்டம் சீராகும், மணிக்கட்டு நரம்பு தூண்டப்பட்டுச் சுகப்பிரசவம் ஆகும் என்றெல்லாம் வாட்ஸ்அப்பில் வருகிறதே, அதற்கு ஆதாரம் கிடையாது. அழகாக இருக்கிறது, சந்தோஷமாக இருக்கிறது, போடுகிறோம், இது போதாதா? அரசாங்கமே அங்கன்வாடிகள் மூலம் சமுதாய வளைகாப்பு நடத்துகிறது. ஆடிப்பூரத்துக்கு அம்மனுக்கும் வளைகாப்பு, சன்னதி முழுக்க வளையல் மாலை, மறுநாள் அதையே பிரசாதமாகத் தருவார்கள். மதுரை ஆவணித் திருவிழாவில் சொக்கநாதரே வளையல் செட்டியாராக வேடம் போட்டு வருகிறார்.

இத்தனையும் போட்டுவிடுகிற பக்கம். கழற்றுகிற பக்கத்தைச் சொல்லாமல் விட்டால் இந்த விளக்கம் பாதிப் பொய்.

ஏனென்றால் சங்கும் பச்சைக் கண்ணாடியும் உண்மையில் "எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது" என்று சொல்வதில்லை, "என் கணவர் உயிரோடு இருக்கிறார்" என்று சொல்கின்றன. இரண்டுக்கும் வித்தியாசம் அவர் போன அன்றைக்குத் தெரியும். வங்காளத்தில் சங்கு வளையலை உடைப்பார்கள், மகாராஷ்டிரத்திலும் நம் ஊரிலும் கண்ணாடி வளையலை உடைப்பார்கள், அதுவும் நாலு பேர் பார்க்க. இது நேற்று வந்ததும் அல்ல. கணவனை இழந்தவளைப் புறநானூறு "கழிகல மகடூஉ" என்கிறது, அணிகலன் கழித்த பெண். வளைகாப்பு நடக்கிற வீட்டிலேயே, கர்ப்பிணியைப் பெற்ற தாய் விதவை என்றால் அவர் சமையலறையில் நிற்பார், மகள் கையில் ஒரு வளையல் போட முன்னால் வரமாட்டார். சாரம் பிரசவம் அறிந்த பெண்களின் வாழ்த்து என்றால் அந்த வாழ்த்துக்கு முதல் உரிமை அவருக்குத்தானே? கேட்டால் பதில் வராது. சில வீடுகளில் மகள்களே அம்மா போட்டால்தான் மற்றவர்கள் போடலாம் என்று அடம்பிடிக்கிறார்கள், அது நடக்கவும் செய்கிறது.

2022 மே மாதம் மகாராஷ்டிரத்தில் கோலாப்பூர் மாவட்டத்து ஹேர்வாட் என்ற கிராமத்தின் கிராமசபை, கணவன் இறந்தால் மனைவியின் வளையலை உடைப்பது, குங்குமத்தை அழிப்பது, தாலியைப் பறிப்பது எதுவும் இனி கூடாது என்று தீர்மானம் போட்டது. அதே மாதத்தில் மாநில அரசு மற்றக் கிராமங்களும் இதைப் பின்பற்றலாம் என்று சுற்றறிக்கை அனுப்பியது. தீர்மானத்தால் ஒரே நாளில் எல்லாம் மாறிவிடாது, ஆனால் கையைப் பிடித்து உடைக்க வருகிறவரிடம் காட்ட ஒரு காகிதமாவது இருக்கிறது.

இதற்கு இரண்டு வருடம் முன்பு, 2020 ஜூனில், கௌஹாத்தி உயர் நீதிமன்றம் ஒரு விவாகரத்து வழக்கில், மனைவி சங்கு வளையலும் வகிட்டுக் குங்குமமும் அணிய மறுப்பது அந்தத் திருமணத்தையே ஏற்க மறுப்பதைக் காட்டுகிறது என்று சொல்லி, அதையும் ஒரு காரணமாக வைத்துக் கணவருக்கு விவாகரத்து கொடுத்தது. நாடு முழுக்க விவாதம் கிளம்பியது. கேட்ட கேள்வி எளிமையானது: திருமணத்தை ஏற்றுக்கொண்டதற்குக் கணவன் கையில் என்ன அணிகிறான்? பஞ்சாபிலும் வங்காளத்திலும் மகாராஷ்டிரத்திலும் தமிழ்நாட்டிலும் இதற்குப் பதில் ஒன்றுதான்.

தங்க வளையல் தனிக்கணக்கு. அது அடையாளம் என்பதைவிடச் சேமிப்பு. பள்ளிக்கூடக் கட்டணத்துக்கும் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் முதலில் அடகுக்கடைக்குப் போவது கையில் கிடக்கிற ஜோடி வளையல். பெண்ணுக்குப் பிறந்த வீட்டில் போட்ட நகை ஸ்ரீதனம், அது அவளுக்கு மட்டுமே சொந்தம், கணவன் வீட்டில் பத்திரமாக இருக்கட்டும் என்று கொடுத்து வைத்தாலும் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 1985லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. கண்ணாடியைப் பற்றிப் பேசும் ஆர்வத்தில் இதைச் சொல்லித்தர மறந்துவிடுகிறோம்.

கடைசியாக, யாருக்காவது வளையல் வாங்கிக் கொடுக்க நினைக்கிறவர்களுக்கு. வங்காளித் தோழியின் கல்யாணத்துக்குச் சங்கு வளையலும், பஞ்சாபித் தோழிக்குச் சூடாவும் நீங்கள் வாங்கிப் போக வேண்டாம், அது வீட்டார் போட வேண்டியது. கண்ணாடி, அரக்கு, உலோகம் எதுவும் தாராளமாகத் தரலாம். அளவு கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், இதில்தான் புதிதாக வாங்குகிறவர்கள் ஏமாறுகிறார்கள். ரெண்டு நாலு, ரெண்டு ஆறு, ரெண்டு எட்டு என்று கடையில் சொல்வதை 2.4, 2.6, 2.8 என்று எழுதியிருப்பார்கள், ஆனால் அது தசமக் கணக்கு அல்ல. இரண்டு அங்குலமும் அதற்கு மேல் பதினாறில் எத்தனை பாகம் என்பதும்தான் அது. அதனால் 2.4 என்றால் உள்விட்டம் இரண்டேகால் அங்குலம், 2.8 என்றால் இரண்டரை. 2.10 என்று பார்த்தால் 2.2ஐவிடச் சின்னது என்று நினைத்துவிடாதீர்கள், அது 2.8ஐவிடப் பெரியது. அளவு கேட்க வழியில்லையா, அவர் இப்போது போட்டிருக்கிற வளையல் ஒன்றின் உள்விட்டத்தை ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளுங்கள். கண்ணாடி என்றால் இரண்டு டஜன் கேட்கும் இடத்தில் நாலைந்து கூடுதலாக வாங்குங்கள், போடும்போதே இரண்டு உடையும்.